திருகோணமலை வெக்கையில் மென்சீஸ்: எப்படி வைப்பது, எப்போது எறிவது

உப்புவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியின் சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. மே தொடங்கிச் செப்டம்பர் வரை வெளிநாட்டு ஆட்கள் வந்து போகும் காலம். காலைச் சாப்பாட்டுக்குக் கிரீம் சீஸ், மத்தியானச் சலாதுக்கு ஃபெட்டா, இரவுக்கு மொஸரெல்லா என்று பிரிட்ஜில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இப்போது நம்முடைய வீடுகளிலும் பிள்ளைகள் பாஸ்தா, பீட்சா என்று கேட்பதால் இப்படியான மெத்தென்ற, ஈரம் கூடிய சீஸ் வகைகள், அதாவது மென்சீஸ், உள்ளே வந்துவிட்டன. பக்கத்து வீட்டு அக்காமார் டப்பாவோடு வந்து, "இது பழுதாப் போச்சோ, ஒருக்கா பாருங்கோ" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். கெட்ட மணம் அடித்தால் எறியுங்கள், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் மணம் அடிக்கவில்லை என்பதற்காக அது நல்ல சீஸ் ஆகிவிடாது. சீஸைப் புளிக்க வைத்து, நிறம் மாற்றி, வழுவழுப்பாக்கும் கிருமிகள் ஒரு கூட்டம். ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு கூட்டம். இரண்டாவது கூட்டத்தில் முக்கியமானது லிஸ்டீரியா. மற்றக் கிருமிகள் பல அடங்கிப் போகும் பிரிட்ஜ் குளிரிலும் இது மெல்ல மெல்லப் பெருகும். மணமும் காட்டாது, நிறமும் காட்டாது. 1985இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மெக்சிக்கோ பாணி மென்சீஸ் ஒன்றால் 142 பேருக்கு இந்த நோய் வந்தது. அதில் 93 பேர் கர்ப்பிணித் தாய்மாரும் அவர்களின் சிசுக்களும். கருவிலேயே இறந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர் போனது. அந்தச் சீஸைக் கையில் எடுத்த யாருக்கும் பார்வையாலோ மணத்தாலோ எதுவும் தெரிந்திருக்காது. அதனால் நான் சீஸ் டப்பாவைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்வி கேட்பேன்: எத்தனை பாகையில் இருந்தது, திறந்து எத்தனை நாள், இதை யார் சாப்பிடப் போகிறார்? கண்ணும் மூக்கும் அதற்குப் பிறகுதான்.

மென்சீஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் பழுதாகிறது என்றால், அதிலுள்ள தண்ணீர்தான் காரணம். பார்மசான் போன்ற கட்டிச் சீஸில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீர். வெள்ளைத் தோலுள்ள பிரெஞ்சு மென்சீஸான பிரீயில் பாதி தண்ணீர். கொட்டேஜ் சீஸில் 80 சதவீதம் வரை தண்ணீர். கிருமிக்கு வேண்டியது அதுதான்.

கடையிலிருந்து வீடு வரை

என் அனுபவத்தில் எங்கள் ஊரில் சீஸ் பிரிட்ஜுக்குள் பழுதாவதைவிட, பிரிட்ஜுக்கு வந்து சேர்வதற்கு முன்பே பாதி பழுதாகிவிடுகிறது. வெளியே விட்ட சீஸுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இரண்டு மணித்தியாலம். வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது ஒரு மணித்தியாலமாகக் குறையும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே பகல் முழுக்க 32க்கு மேல்தான். ஆகவே நமக்கு ஒரு மணித்தியாலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காசு கட்ட நிற்கும் நேரம், நிலாவெளி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், வீட்டுக்கு வந்து மேசையில் பையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும் நேரம் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கம்.

சீஸைக் கடைசியாக எடுங்கள். எடுக்க முன் கூலருக்குள் கையை விட்டுப் பாருங்கள், உள்ளே நன்றாகக் குளிர வேண்டும். மேலே குவிந்திருப்பதை விட்டு உள்ளேயிருந்து எடுங்கள். பக்கெட் ஊதிப் போயிருந்தால், மூடியின் அலுமினியத் தாள் மேலே புடைத்திருந்தால், அதை அப்படியே வைத்துவிடுங்கள். உள்ளே ஏதோ வாயு விட்டுக்கொண்டிருக்கிறது. போகும்போதே ஒரு சோடாப் போத்தலில் தண்ணீரை ஐஸாக்கி, பேப்பரில் சுற்றிப் பைக்குள் கொண்டு போங்கள். ஸ்கூட்டியில் போகிறவர்கள் சீட்டுக்கு அடியில் சீஸை வைக்கவே கூடாது. அதற்கு நேர் கீழே எஞ்சின் இருக்கிறது, அந்தப் பெட்டி வெளியைவிடச் சூடு. முன்னால் கொளுவியில் தொங்கவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை விட்டுவிட முடியாது: பிரான்சிலிருந்து வரும் சொந்தக்காரரின் சூட்கேஸ். அன்போடு கமம்பேர், பிரீ எல்லாம் கட்டிக்கொண்டு வருவார்கள். விமானப் பயணம் முடிந்து, கட்டுநாயக்கவில் பெட்டிக்குக் காத்து நின்று, பிறகு வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம் ஓடி இங்கே வரும்போது அது தோலுக்குள் கூழாகியிருக்கும். குளிர்ப் பையில் ஐஸ் கட்டியோடு வந்து, இங்கே திறக்கும்போதும் தொட்டால் குளிர்ந்திருந்தால் சரி. வெதுவெதுப்பாக வந்திருந்தால் அதைப் பரிமாற வேண்டாம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும். முன்கூட்டியே போன் எடுத்துக் கொம்தே, குரூயேர் போன்ற கட்டிச் சீஸைக் காற்று உறிஞ்சிய பக்கெட்டில் கொண்டு வரச் சொல்லுங்கள். அவை பயணத்தைத் தாங்கும், ருசியும் குறையாது.

பிரிட்ஜுக்குள்

பிரிட்ஜின் குமிழில் இருக்கும் இலக்கம் பாகை அல்ல. ஒரு சின்ன பிரிட்ஜ் வெப்பமானி வாங்கி, தண்ணீர் ஊற்றிய கிளாஸில் நிறுத்தி, நடுத்தட்டில் ஓர் இரவு முழுக்க வைத்து விடியப் பாருங்கள். 5 பாகைக்கு மேல் காட்டினால் குமிழைக் கூட்டுங்கள். கூட்டியும் இறங்கவில்லை என்றால் கதவின் ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவுக்கு நடுவில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும், சும்மா வழுக்கி வரக் கூடாது. கச்சான் காலத்தில் வீட்டிலுள்ள அத்தனை பேரும் குளிர் தண்ணிக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள். தண்ணீர்ப் போத்தல்களை ஒரு ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு வெளியே வைத்துவிட்டால் பிரிட்ஜுக்கு நிம்மதி.

கதவுத் தட்டுத்தான் எல்லாவற்றிலும் சூடான இடம். அங்கே சோஸ் போத்தல் இருக்கலாம், சீஸ் இருக்கக் கூடாது. உள்ளே பின்பக்கமாக வையுங்கள், ஆனால் பின்சுவரில் முட்டக் கூடாது, முட்டினால் அந்தப் பக்கம் உறைந்து உதிரும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டு நல்ல குளிர். மீன் எப்போதும் சீஸுக்குக் கீழே இருக்க வேண்டும். பாரையோ சூடையோ பையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் திறந்த சீஸில் விழுந்தால் அதோடு அந்தச் சீஸின் கதை முடிந்தது. கருவாடு வைத்திருக்கிறீர்களா? சீஸின் கொழுப்பு பக்கத்திலிருக்கும் மணத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டையும் தனித்தனி மூடிப் பெட்டிகளில் போடுங்கள்.

நம்முடைய கடற்கரை ஊருக்கே உரிய ஒரு விஷயம், வியர்வை. ஃபெட்டாக் கட்டியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே அதன் மேல் ஊசிமுனை அளவுத் துளிகள் அரும்பும், பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பக்கவாட்டில் வழியும். அது சீஸுக்குள்ளிருந்து வந்த தண்ணீர் இல்லை. ஈரக் காற்று குளிர்ந்த கட்டியில் பட்டுத் தண்ணீராகிறது. அந்த ஈரத்தோடு திரும்ப உள்ளே வைத்தால் பூஞ்சணம் அந்த இடத்தில்தான் முதலில் முளைக்கும். ஆகவே கட்டியோடு மேசைக்குக் கொண்டு போக வேண்டாம். தேவையான அளவை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை உடனே உள்ளே வையுங்கள். வியர்த்துவிட்டால் சுத்தமான டிசுவால் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள்.

கத்தி காய்ந்திருக்க வேண்டும், அதில் பாண் துகளோ ஜாமோ இருக்கக் கூடாது. எங்கள் சமையலறையில் கிரீம் சீஸுக்கென்றே ஒரு கரண்டி இருக்கிறது, அதை வேறொன்றிலும் போட விடமாட்டேன். டப்பாவைத் திறந்ததும் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டித் திறந்த திகதியை எழுதுவோம். மூடியில் அச்சடித்திருக்கும் காலாவதித் திகதி, திறக்காத டப்பாவுக்குத்தான். திறந்த அன்றோடு அந்தத் திகதிக்கு மதிப்பில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கம்

கிரீம் சீஸ் திறந்து ஒரு வாரம், நன்றாகக் குளிர்ந்த பிரிட்ஜில் பத்து நாள் வரை. மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்பது மோர்த் தண்ணீர்தான், பயப்பட வேண்டியதில்லை. ஓரம் மஞ்சளித்துக் காய்ந்து வெடித்தாலோ, இளஞ்சிவப்போ பச்சையோ ஒரு புள்ளி கண்டாலோ முழு டப்பாவும் போக வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்தால் மாவு மாவாக உதிரும். கேக்குக்கோ சோஸுக்கோ ஆகும், பாணில் பூச ஆகாது.

கொட்டேஜ் சீஸ், ரிக்கோட்டா இரண்டும் ஐந்து நாள், கூடினால் ஒரு வாரம். இவற்றில் பேரம் பேச இடமில்லை.

மொஸரெல்லாவில் இரண்டு வகை. தண்ணீரில் மிதக்கும் உருண்டை, திறந்து இரண்டு மூன்று நாளுக்குள் முடிய வேண்டும். அது வந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதற்குள்ளேயே மூழ்க வையுங்கள். துருவிப் பக்கெட்டில் வருவது ஈரம் குறைந்த வகை. அதை வாங்கிய அன்றே சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து ஐஸ் பெட்டியில் போட்டுவிடுங்கள், உறைந்தபடியே பீட்சாவில் தூவலாம். நிறத்தைப் பற்றி ஒரு செய்தி: 2010இல் இத்தாலியில் மொஸரெல்லா உருண்டைகள் பக்கெட்டைத் திறந்ததும் நீல நிறமாக மாறி, ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்யப்பட்டன. காரணம் சூடோமோனாஸ் என்ற, தண்ணீரில் வாழும் கிருமி. வெள்ளையாக இருக்க வேண்டியது வேறெந்த நிறம் காட்டினாலும் சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

ஃபெட்டா எனக்குப் பிடித்தது, நம்முடைய வெக்கைக்கு மற்ற மென்சீஸ்களைவிட ஈடுகொடுப்பதும் அதுதான். காரணம் அதன் உப்புத் தண்ணீர். 2002 முதல் ஐரோப்பாவில் கிரேக்க நாட்டில் செய்ததற்குத்தான் அந்தப் பெயர் உரியது. செம்மறிப் பாலில் செய்வது, வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை கலக்கலாம். மாட்டுப் பாலில் செய்த வெள்ளைச் சீஸை நீங்கள் வாங்கியிருந்தாலும் வைக்கும் முறை ஒன்றுதான். உப்புத் தண்ணீரோடு வந்தால் அதற்குள்ளேயே வையுங்கள். வெறும் கட்டியாக வந்தால் 250 மில்லிலீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் மூன்று மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, நன்றாகக் குளிர வைத்து, கட்டி முழுக்க மூழ்கும்படி கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். உப்பைக் குறைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், குறைந்தால் மேற்பரப்பு கரைந்து வழுவழுப்பாகிவிடும். சாப்பிடும்போது உப்புக் கரித்தால் துண்டை மட்டும் சில நிமிடம் நல்ல தண்ணீரில் ஊற விடுங்கள். இப்படி வைத்தால் சில வாரம் நிற்கும், தண்ணீர் இல்லாமல் வைத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. விரலால் தடவினால் சளி போல இழுபட்டால், அல்லது அப்பமா புளித்த மணம் வந்தால், ஃபெட்டா முடிந்தது என்று அர்த்தம்.

பிரீ, கமம்பேர் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், ஏனென்றால் அதன் வெள்ளைத் தோலே பூஞ்சணம். வேண்டுமென்றே வளர்த்த, சாப்பிடக் கூடிய பூஞ்சணம் அது. அதற்கு மூச்சு விட இடம் வேண்டும். லஞ்ச் சீட்டில் இறுகச் சுற்றினால் உள்ளே ஈரம் கட்டி, அம்மோனியா தேங்கிவிடும். ஒயில் பேப்பரில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, மரக்கறித் தட்டில் வையுங்கள். வெட்டிய பிறகு ஒரு வாரம். பனீரையும் தயிர்ச் சட்டியையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், அந்தப் பூஞ்சணம் அவற்றுக்கும் தாவும்.

எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருநாள் கமம்பேரைத் திறந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அக்கா, கழிவறை கழுவுற மருந்து மணக்குது. எறியட்டோ?"

"கொஞ்சம் பொறு தம்பி. பேப்பரை விரிச்சு, ஒரு பத்து நிமிசம் பிரிட்ஜுக்குள்ளேயே திறந்து வை. பிறகு மணந்து பார்."

மணம் போய்விட்டது. தோல் வெள்ளையாகவும் காய்ந்தும் இருந்தது, அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது, வெட்டினால் உள்ளே வெண்ணெய் நிறம். அது நல்ல சீஸ். சுற்றி வைத்திருந்ததால் தேங்கிய மணம்தான் முதலில் வந்தது. காற்றுப் பட்ட பிறகும் மூக்கைக் குத்தினால், தோல் பழுப்பாகி ஈரமாக ஒட்டினால், உள்ளே தண்ணீராக ஓடினால் எறிந்துவிட வேண்டும். வெள்ளைத் தோலின் மேல் கறுப்பு, பச்சை, சிவப்பு மயிர் போல முளைத்திருந்தால் அது வளர்த்த பூஞ்சணம் அல்ல, வெளியிலிருந்து வந்தது.

பனீர் நம் வீட்டிலேயே செய்யலாம். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் பால் நல்ல பால். ஆனால் பச்சைப் பாலில் செய்யக் கூடாது. பொங்கும்வரை காய்ச்சி, அதன் பிறகே தேசிக்காய்ப் புளி விட வேண்டும். காய்ச்சாத பாலிலும் அதில் செய்த சீஸிலும் லிஸ்டீரியா மட்டுமில்லை, மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் புரூசெல்லா காய்ச்சலும் இருக்கலாம். ஒரு லீட்டர் பசும்பாலுக்கு 150 முதல் 200 கிராம் பனீர் கிடைக்கும், எருமைப் பாலில் இன்னும் கூட. வடித்து அழுத்தியதும் மேசையில் ஆற விடாமல், கொதித்தாறிய குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால் இரண்டு மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு போட்டு ஐஸ் பெட்டியில். மஞ்சளித்து, விரலில் வழுக்கி, புளித்த மணம் வந்தால் கறியில் போடுவதற்கும் ஆகாது.

"சூடாக்கினால் சரியாப் போகும்தானே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அழுத்திப் பதில் சொல்வது. லிஸ்டீரியாவை 75 பாகைக்கு மேலே நன்றாகக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் கொல்லலாம், உண்மை. ஆனால் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் சீஸில் சேரும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமி வெப்பத்தில் கிடக்கும்போது நஞ்சை விட்டுவிடும். கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. உப்பும் அந்தக் கிருமிக்குப் பெரிய தடையில்லை. பழுதான சீஸைப் பீட்சாவில் போட்டுச் சுட்டாலும் வாந்தி வயிற்றோட்டம் வரும். பூஞ்சணத்தின் நஞ்சுகளும் இலகுவில் அழிவதில்லை.

பூஞ்சணம் பிடித்த பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்பது செடார் போன்ற கட்டிச் சீஸுக்கு மட்டும். புள்ளியைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்ரிமீட்டர் விட்டு வெட்டலாம், கத்தி பூஞ்சணத்தில் படாமல். மென்சீஸில் பூஞ்சணத்தின் நூல் போன்ற இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு உள்ளே ஓடியிருக்கும், கூடவே வேறு கிருமிகளும். துருவியதற்கும் அதே சட்டம்தான்.

கரண்ட் போனால்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. கச்சான் காலமானாலும் மாரி காலமானாலும் இது நமக்குப் புதிதில்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் வரை குளிரைப் பிடித்து வைக்கும், நிரம்பிய ஐஸ் பெட்டி இரண்டு நாள் வரை. கரண்ட் போன நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். நாலு மணித்தியாலத்தைத் தாண்டப் போகிறது என்று தெரிந்தால், மீன் சந்தையில் ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டிக்கு மாற்றுங்கள், சீஸை மூடிப் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் தண்ணீர் உள்ளே போகாதபடி. 5 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலம் கிடந்த மென்சீஸை எறியுங்கள். கட்டிச் சீஸும் பட்டரும் முக்கோணச் சீஸும் தப்பிக்கும்.

வீட்டில் இல்லாத இரவில் கரண்ட் போய் வந்ததா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒரு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு குற்றிக் காசை வைத்து ஐஸ் பெட்டியில் விட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

கர்ப்பிணிகள், அறுபத்தைந்து தாண்டியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் ஆகியோருக்குப் பிரீ, கமம்பேர், நீலச் சீஸ், காய்ச்சாத பாலில் செய்த எந்த மென்சீஸும் பச்சையாக வேண்டாம், அன்று வாங்கிய புதியதாக இருந்தாலும். ஆவி பறக்கச் சமைத்தால் கொடுக்கலாம். லிஸ்டீரியா நோய் சாப்பிட்ட மறுநாளே வர வேண்டுமென்றில்லை, சில வாரம் கழித்து, சில வேளை இரண்டு மாதம் கழித்தும் வரும். கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால், என்ன சீஸ் எப்போது சாப்பிட்டார் என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சரியான நேரத்தில் கொடுக்கும் மருந்து சிசுவைக் காப்பாற்றும்.

எறியும்போது அப்படியே குப்பையில் போடாதீர்கள், காகமும் தெருநாயும் இழுத்துப் போடும். பேப்பரில் சுற்றிப் பையில் கட்டிப் போடுங்கள். அந்த டப்பா இருந்த தட்டைக் கழற்றி, சுடு தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் காய வைத்த பிறகே திரும்பப் பொருத்துங்கள். லிஸ்டீரியா தட்டின் மூலைகளிலும் கதவு ரப்பரின் மடிப்பிலும் குளிரிலேயே தங்கியிருந்து அடுத்த சீஸில் ஏறும். ரப்பர் மடிப்பை ஒரு பழைய பற்தூரிகையால் தேயுங்கள், அதையும் எறிந்துவிடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள்.